வேலிக்குக் கிளுவை இருக்க கோனோகார்ப்பஸ் எதற்கு?

கோனோகார்ப்பஸ் மரத்துக்கு 2023-ல் குஜராத் தடை போட்டது. 2025-ல் தமிழ்நாடும் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் அரசாணையால் மட்டும் நர்சரி மாறிவிடாது. ‘சீக்கிரம் வளரணும், எப்பவும் பச்சையா நிக்கணும்’ என்றே நாம் கேட்டுக்கொண்டிருந்தால், இது போனா இன்னொன்று வரும்.

சோமாலியா, ஏமன் பக்கத்து மரம் அது. வேர் தண்ணீரைத் தேடிப் போய்க் குழாயைக் கெடுக்கிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்பவை அதன் மேல் உள்ள புகார்கள். உண்ணிச்செடியும் வெள்ளைக்காரன் காலத்தில் பூவுக்காகத் தோட்டத்தில் வைத்ததுதான். இன்று காடுகளில் புதராக மண்டி, மாடு மேயப் புல் இல்லாமல் செய்கிறது. ஆகாயத்தாமரையும் அழகுக்கென்று வந்ததே.

சந்தவாசல் மாதிரி மலையடிவார ஊருக்குக் கிளுவைப் போத்து நட்டாலே உயிர்வேலி. இடையில் நொச்சி, ஆடாதோடை வைக்கலாம். ஆடு வாய் வைக்காது, தழை பூச்சிவிரட்டிக்கு ஆகும். நிழலுக்குப் புங்கன், பூவரசு, மகிழம். புங்கன் ஒன்றே போதும்: பூ தேனீக்கு, தழை வயலுக்கு, கொட்டை எண்ணெய்க்கு.

நர்சரிக்காரரைத் திட்டிப் பயனில்லை. ‘நொச்சி கேட்டு யாருங்க வர்றாங்க?’ என்பார். நியாயம்தானே? விற்காத கன்றுக்கு யார் முதல் போடுவார்? ஆகவே நம் உழவர் குழுக்கள், எந்தக் கன்று எத்தனை வேண்டும் என்று மழைக்கு நாலு மாதம் முன்பே சேர்த்து எழுதிக் கொடுத்து, கொஞ்சம் முன்பணமும் கட்டட்டும். வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா, அவரே விதை தேடிப் போவார்.