நல்ல தண்ணி யாருக்கு?

தமிழில் தண்ணிக்கு ரெண்டு பேர். ஒண்ணு உப்புத் தண்ணி, இன்னொண்ணு நல்ல தண்ணி. நாக்கு வைத்த பேர் போலத்தான் தெரிகிறது. ஆனால் ஊரையும் சேரியையும் நடந்து பார்த்தவனுக்குத் தெரியும், இது தெரு வைத்த பேர். ஊர்க்கிணறு நல்ல தண்ணிக் கிணறு. நமக்கென்று கடைசியில், சுடுகாட்டு ஓரமாக, மேட்டாங்காட்டில் வெட்டிக் கொடுத்தது உப்புத் தண்ணிக் கிணறு. கொல்லிமலை அடிவாரத்தில் நான் பொறந்த அருந்ததியர் காலனியில் போர் போட்டார்கள். அதுவும் உப்பு. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. 'பூமியில அப்படித்தான் இருக்கு, நாங்க என்ன பண்றது' என்றார்கள். நாலு வயல் தாண்டி ஊர்க்காரன் தோட்டத்துக் கிணறு இனிக்கிறது. பூமியும் சாதி பார்த்துத்தான் ஊறுகிறதா?

சொகுசுக் கப்பல்களின் நீச்சல் குளத்தில் கடல் தண்ணி விடுவது நல்லதா, நல்ல தண்ணி விடுவது நல்லதா என்று ஒரு வாதம் நடக்கிறது. கண் எரியுமா, முடி பிசுபிசுக்குமா, உடம்பு மிதக்குமா என்று காசு கட்டிப் போகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் கொடியசைத்து ஒரு சொகுசுக் கப்பலை அனுப்பி வைத்த பிறகு இந்தப் பேச்சு நம்ம பக்கமும் வந்துவிட்டது. தலித் பத்திரிகையில் கப்பல் குளத்துக்கு என்ன இடம் என்று சில தோழர்கள் கேட்கலாம். தண்ணி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் நமக்கு வழக்கு இருக்கிறது. தவிர, நான் ரெண்டு தண்ணியையும் தேய்த்துக் கழுவினவன். ஆறு வருசம் ஒரு கப்பலின் குளத்தருகில் வேலை பார்த்தேன். இப்போது கொல்லிமலை மேலே ஒரு தங்கும் விடுதியில் நீச்சல் குளம் பராமரிக்கிறேன். எனவே பேசுகிறேன்.

முதலில் விவரம். கடல் தண்ணி குளம் வைக்கிற கப்பலில், நடுக்கடலுக்குப் போன பிறகு கடலை ஒரு பக்கம் உறிஞ்சி உள்ளே விடுவோம், இன்னொரு பக்கம் வெளியே தள்ளுவோம். கரை நெருங்கினால் அடைத்துவிட வேண்டும். துறைமுகத் தண்ணி சாக்கடை. அப்போது உள்ளே இருக்கிற தண்ணியையே வடிகட்டி, குளோரின் போட்டுச் சுற்றவிடுவோம். கடல் தண்ணிக்குக் காசு இல்லை. ஆனால் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. குழாயைத் தின்னும், மோட்டாரைத் தின்னும். நல்ல தண்ணிக் குளத்தில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் நடுக்கடலில் நல்ல தண்ணி ஏது? துறைமுகத்தில் விலைக்கு வாங்கி ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் சூட்டில் கடலைக் காய்ச்சி ஆவியைத் தண்ணியாக்க வேண்டும், அல்லது சவ்வு வழியாக அழுத்திப் பிழிய வேண்டும். எண்ணெய் எரித்துத் தண்ணி செய்கிறார்கள், குளிப்பதற்கு.

ஆகவே உப்பா நல்லதா என்ற கேள்விக்கு ரசாயன விடை ஒன்றும் பெரிதாக இல்லை. காசு இருந்தால் உப்பு நல்லதாகும். சென்னைக்கு மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளுக்கு 10 கோடி லிட்டர் வீதம் கடலைக் குடிதண்ணியாக்க ஆலை கட்டினார்கள். கடலையே நல்ல தண்ணியாக்கத் தெரிந்த நாடு எங்க காலனியின் ஒரே ஒரு போரை அம்பது வருசமாக உப்பாகவே விட்டு வைத்திருக்கிறது. தொழில்நுட்பம் இல்லாமலா?

சரி, அந்தக் குளத்தில் யார் இறங்கினார்கள்? நான் இறங்கவில்லை. நான் வேலை செய்த கப்பலில் எங்களுக்கு முன்பக்கம் ஒரு தொட்டி இருந்தது, நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். பயணிகள் குளத்தில் கால் வைத்தால் வேலை போகும். இது புதிசு இல்லை. 1912-ல் முழுகின டைட்டானிக்கிலும் சூடு பண்ணின கடல் தண்ணிக் குளம் இருந்தது, முதல் வகுப்புக்காரர்களுக்கு மட்டும். 2013-ல் நடைமுறைக்கு வந்த உலகக் கடல்தொழிலாளர் ஒப்பந்தம் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 77 மணி ஓய்வு தந்தால் போதும் என்கிறது. கணக்குப் போடுங்கள். மீதி 91 மணி நேரம் வேலை வாங்கலாம்.

'கப்பல்ல சாதி இல்லப்பா, எல்லாரும் ஒரே சட்டை' என்று சொல்லித்தான் ஏஜென்ட் என்னை அனுப்பினான். ஏறின மூணாம் நாள் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். 'எந்த ஊரு தம்பி?' சொன்னேன். 'அங்க எந்தத் தெரு?' அதையும் சொன்னேன். அடுத்த வாரம் அவர் வேறு அறைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். குறட்டை விடுகிறேனாம். தெரு என்பது எத்தனை ஆயிரம் மைல் நீளம் என்று அன்றைக்கு அளந்துகொண்டேன்.

கடலில் சாதி கரைந்துவிடும் என்பது நம்ம முற்போக்கு நண்பர்களுக்கும் பிடித்த வாசகம். போதாயன தர்மசூத்திரமும் அதைத்தான் சொன்னது, பயந்துகொண்டு. கடற்பயணத்தைச் சாதி இழக்கச் செய்யும் குற்றங்களில் சேர்த்தது. எனவே பயந்தவன் கரையில் நின்றான். 1860-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பன் போனது. அதன் பின்னால் போன கப்பல்களில் ஏறினவர்களில் நம்ம சனங்கள் ஏராளம். போன இடத்தில் கடல் அவர்களைச் சமமாக ஏற்றுக்கொண்டதா? 1953-ல் தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு தனித்தனி வசதிச் சட்டம் போட்டது. டர்பன் கடற்கரையில் வெள்ளையருக்கு ஒரு கரை, இந்தியருக்கு ஒரு கரை, கறுப்பருக்கு ஒரு கரை. அலைக்கு வேலி போட முடியாது, மணலுக்குப் போட்டார்கள். 1990-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. உப்புத் தண்ணி பொதுத் தண்ணி என்கிற வாதம் அங்கேயே மூழ்கிப்போனது.

நல்ல தண்ணிக் குளத்தின் கதை இன்னும் கேவலம். 1964 ஜூன் 18, அமெரிக்காவில் செயின்ட் அகஸ்டின் நகரம். வெள்ளையருக்கான விடுதிக் குளத்தில் கறுப்பரும் வெள்ளைத் தோழர்களும் சேர்ந்து குதித்தார்கள். விடுதிக்காரன் ஆசிட்டைக் கொண்டுவந்து குளத்தில் ஊற்றினான். அதே நாட்டில் ஜாக்சன் என்ற நகரம், கறுப்பரும் சேர்ந்து குளிக்க வேண்டிவரும் என்றதும் நகராட்சிக் குளங்களையே இழுத்து மூடியது. 1971-ல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று 'மூடினது சரி' என்றது. எல்லாருக்கும்தானே மூடினான், இதில் பாகுபாடு எங்கே என்று தர்க்கம். தானும் குளிக்காமல் கிடந்தாலும் கிடப்பான், நம்மோடு குளிக்கமாட்டான்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரனைத் திட்டுகிற சாதி இந்துவுக்கு ஒரு கேள்வி. உப்புக்கு நடந்த கதை எல்லாப் பள்ளிக்கூடப் புத்தகத்திலும் இருக்கிறது. 1930, தண்டி. நம்ம வேதாரண்யமும் இருக்கிறது. அதற்கு மூணு வருசம் முன்னால், 1927 மார்ச் 20, மகாத் நகரத்தின் சவ்தார் குளத்தில் இறங்கி பாபாசாகேப் அம்பேத்கர் ஒரு கை தண்ணி அள்ளிக் குடித்தார். ஆயிரக்கணக்கில் நம்ம சனங்கள் பின்னால் இறங்கினார்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும்? சவ்தார் என்றால் மராத்தியில் சுவையானது என்று பொருள். அதாவது நல்ல தண்ணி. ஆடு மாடு குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது. நாம் குடித்த குளத்தில் 108 பானை தண்ணியை வெளியே எடுத்துக் கொட்டி, சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கலந்து மந்திரம் சொல்லித் 'தூய்மை' செய்தார்கள். உப்பு எடுக்க வெள்ளையனை எதிர்த்தால் தேசபக்தி. தண்ணி குடிக்கச் சாதியை எதிர்த்தால் ஊர்க் கலவரம். பத்து வருசம் கழித்து 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில்தான் அந்தக் குளம் நமக்கும் உரியது என்று தீர்ப்பாயிற்று.

சுத்தம் பற்றி எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். கப்பலில் குளோரின் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது, அஞ்சுக்கு மேலே போகக் கூடாது. நேரம் போட்டு எழுதி வைப்போம். ஒரு குழந்தை தெரியாமல் குளத்தில் அசிங்கம் செய்துவிட்டால் அந்த நிமிசமே எல்லாரையும் ஏற்றி, குளத்தை மூடி, மருந்தைக் கூட்டிப் போட்டு, அதையும் எழுதுவோம். அது வெறும் குளிக்கிற தண்ணி. 2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம்ம சனங்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகளுக்கு நோவு வந்த பிறகுதான் ஏறிப் பார்த்தார்கள். நம்ம தண்ணியைக் கெடுப்பது குற்றம் என்று 1989-லேயே வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் எழுதியிருக்கிறது. ரெண்டு வருசத்துக்கு மேல் ஆகி 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. அதில் இருந்த மூணு பேரும் அதே குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். குடித்தவனே கலந்தான் என்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது என் மலைக்கு வருகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற விருந்தினர், 'ஏம்ப்பா, இது உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா?' என்று கேட்கிறார். 'நல்ல தண்ணிதானுங்க, மலைத் தண்ணி' என்கிறேன். அவருக்குச் சந்தோசம். பத்து மீட்டர் நீளம், அஞ்சு மீட்டர் அகலம், ஒண்ணேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த ஆழம். அறுபதாயிரம் லிட்டர். ஜல் ஜீவன் திட்டம் ஒரு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒரு தடவை நிரப்புகிற தண்ணி ஆயிரம் பேருக்கு ஒரு நாள் தண்ணி. வடிகட்டி மணலைக் கழுவி வெளியே விடுகிற தண்ணி தனி. கோடையில் பக்கத்துச் சிற்றூரின் மலையாளிப் பழங்குடிப் பொம்பளைகள் ஊத்துத் தண்ணிக்குக் குடத்தோடு கிடக்கிறார்கள். நான் இங்கே இலை அரித்துக்கொண்டிருக்கிறேன். விடுதி முதலாளி மலைக்காரரும் இல்லை, நம்மாளும் இல்லை. மேலே பழங்குடிக்கு ஊத்து வற்றுகிறது, கீழே தலித்துக்குப் போர் கரிக்கிறது, நடுவில் குளம் நிறைந்து நிற்கிறது. ஆகாய கங்கையில் முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அய்யாற்றுக்குச் சாதி தெரியாது. மோட்டாருக்கும் குழாய்க்கும் நன்றாகத் தெரியும்.

எனக்கு நீச்சல் மேல் பகை இல்லை. நம்ம பிள்ளைகள் நீந்தவேண்டும், நீலத் தண்ணியில், வெயிலில், சத்தம் போட்டுக்கொண்டு. ஊர்க்கிணற்றில் குதித்ததற்காக அடிபட்ட பரம்பரைக்கு நீச்சல் ஆடம்பரம் இல்லை, பாக்கி. அதனால் 'குளத்தை மூடு' என்று நான் சொல்லவில்லை. மூடுவது ஜாக்சன் நகரத்தான் வேலை.

நான் கேட்பது இது. குளம் வைத்திருக்கிற ஒவ்வொரு விடுதியும் எந்த ஊத்திலிருந்து, எந்தப் போரிலிருந்து எத்தனை லிட்டர் எடுக்கிறது என்று வாசலில் எழுதி வைக்கட்டும். அதே கணக்குப் பலகை நம்ம காலனித் தொட்டியிலும் தொங்கட்டும். ரெண்டையும் கிராம சபையில் சத்தமாகப் படிக்கட்டும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட அறிவிக்கப்படாததால் 1996-ன் பெசா சட்டம் இந்த மலைக்கு வராது. ஆகவே மலைமேல் உள்ளவர்களும் அடிவாரத்தில் உள்ளவர்களும் ஒன்றாகப் போய் உட்கார்ந்துதான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறது. சும்மா எழுதவில்லை, சவ்தாரில் இறங்கித் தண்ணி குடித்தவர் எழுதினார்.

குளத்தைப் பார்த்தால் உப்பா நல்லதா என்று இனிமேல் கேட்காதீர்கள், தோழர்களே. எங்கிருந்து வந்தது, யார் இறங்கலாம், யார் கழுவுகிறான், கழுவினவன் வீட்டில் குடிக்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அந்த நாலுக்கும் பதில் கிடைக்கிற வரை எந்தத் தண்ணிக்கும் நல்ல தண்ணி என்று பேர் வைக்கமாட்டேன்.