யாரிடம் சொல்வது?

சென்ற ஆனி மாதத்தில் ஹற்றனுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்திற்குச் செல்லும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. தோட்டத்தின் பெயரை நாம் இங்கு எழுதப் போவதில்லை. எழுதினாலும், “எங்கள் தோட்டமும் அப்படித்தானே” என்று வேறு நூறு தோட்டத்தார் கூறுவர். அன்று விடாத மழை. நாம் ஒதுங்கிய லயத்து வீட்டின் இஸ்தோப்பிலே ஓர் அலுமினியச் சட்டியும் ஒரு வாளியும் வைக்கப்பட்டிருந்தன. கூரைத் தகரத்தில் இருந்த இரு துவாரங்களுக்கும் நேர் கீழே, அளந்து வைத்தாற்போல அவை இருந்தன. வீட்டுக்கார மூதாட்டி சட்டியைக் காலால் சற்றே நகர்த்திவிட்டு எமக்குத் தேநீர் கொணர்ந்தார்.

“எத்தனை நாளாக ஒழுகுகிறது, அம்மா?” என்று கேட்டோம்.

“போன வருசத்து மழையிலேயே தொடங்கிருச்சுங்க ஐயா. நாலு தடவை சொல்லிட்டேன்.”

“யாரிடம் சொன்னீர்கள்?”

“கங்காணிகிட்டச் சொன்னேன். அவரு கணக்கப்பிள்ளை ஐயாகிட்டச் சொன்னாராம். தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை போட்டு வச்சேன். தொரை காதுக்குப் போச்சோ என்னமோ, சாமிக்குத்தான் வெளிச்சம்.”

மறுநாள் திரும்பும் வழியில் தோட்டத்துக் கந்தோரில் இதனைப் பற்றி விசாரித்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பதிலிறுத்தார். அப்படியொரு முறைப்பாடு தம்மிடம் வரவில்லை என்றார். புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார். உண்மையில் அதில் இல்லை. மூதாட்டியும் பொய் சொல்லவில்லை, உத்தியோகத்தரும் பொய் சொல்லவில்லை. நான்கு முறை புறப்பட்ட சொல் நான்கு முறையும் வழியிலேயே எங்கோ தங்கிவிட்டது.

வீட்டைக் கொடுத்தவர்க்கும் அதில் குடியிருப்பவர்க்கும் இடையே பேச்சு எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்தது இதனாலேயே.

கொழும்பிலே தொடர்மாடியில் குடியிருப்பவருக்குக் கையில் ஓர் ஒப்பந்தம் உண்டு, வாடகைச் சீட்டு உண்டு. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது அவருக்குத் தெரியும். தொடர்மாடி வீடுகளின் உரிமைக்கென 1973ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் பிறந்துவிட்டது. லயத்து வீட்டின் கதை வேறு. கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக் காலத்தில் பெருகிய அக்காம்பராக்கள் வேலையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையொன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு. வாடகை கிடையாது. வாடகை இல்லாமையால் சீட்டும் இல்லை. சீட்டு இல்லாமையால், ‘இந்த வீட்டைப் பற்றிப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார்’ என்று எழுதிய எழுத்தும் எங்கும் இல்லை. இனாமாகக் கொடுத்த வீட்டிற்குக் குறை கூறுவதா என்னும் எண்ணம் கொடுத்தவர் மனத்திலும் ஊறிவிட்டது. குடியிருப்பவர் மனத்திலுங்கூட ஊறிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் குறைந்த கூலியிலே அவ்வாடகை கழிந்து வந்திருக்கிறது என்பதை இருவருமே மறந்துவிடுகின்றனர்!

தோட்டத்திலே சொல் எப்பொழுதும் மேலிருந்து கீழே இறங்கியே பழகியது. விடியுமுன் தப்பு முழங்கும். பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். துரையின் கட்டளையைக் கணக்கப்பிள்ளை சொல்வார், அதனைக் கங்காணி உரத்துச் சொல்வார். ஆங்கிலேயத் துரைமாருக்குத் தமிழ் கற்பிப்பதற்கென 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கையேடு அச்சிடப்பட்டது. அதன் பெயர் என்ன தெரியுமா? ‘இங்கே வா’! தமிழ் மொழியிலே துரைக்கு முதன் முதல் வேண்டியிருந்த சொற்கள் இவை இரண்டுமே போலும். ‘என்ன வேண்டும்?’ என்று பெயரிட அக்காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை.

அந்தத் துரைமார் போய்விட்டனர். 1975ஆம் ஆண்டிலே கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. 1992ஆம் ஆண்டு முதல் பெரும்பாலானவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமையில் வந்தன. நிலம் அரசினது, நிருவாகம் கம்பனியினது, வீடமைப்பையும் சுகநலத்தையும் கவனிக்கப் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று ஒன்று. பிரதேச சபையோ நெடுங்காலம் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. 2018ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே தோட்டத்திற்குள் பணிபுரிய அதற்கு வழி பிறந்தது. இத்தனை கதவுகள் இருக்கையில், ஒழுகும் கூரையுடைய ஒருவர் எந்தக் கதவைத் தட்டுவார்? தகரம் கம்பனியின் பொறுப்பு, கான் பிரதேச சபையின் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லும் ஒரு தாளையேனும் லயத்துச் சுவரில் ஒட்டி வைத்த தோட்டத்தை நாம் இதுவரை கண்டதில்லை. கந்தோர் வாசலில் அறிவித்தற் பலகை உண்டு. நாம் சென்ற தோட்டத்தில் அதில் இருந்த மூன்று தாள்களும் ஆங்கிலத்தில் இருந்தன.

இனிக் கடிதத்தின் கதை. லயத்து வீடுகள் பலவற்றுக்கு இலக்கம் இல்லை. பெயர், டிவிசன், தோட்டம், தபாற் கந்தோர் என்று எழுதினால் கடிதம் தோட்டத்துக் கந்தோர் வரையில் வரும். அங்கிருந்து எவராவது அந்தப் பக்கம் போகும்போது கொண்டு போவார். அன்று நாம் தேநீர் அருந்திய லயத்திலேயே, அடுத்த வீட்டில், உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த பெண்ணொருத்தி இருந்தாள். நேர்முகப் பரீட்சைக்கு வருமாறு அழைத்த கடிதத்தை எம்மிடம் காட்டினாள். உறையின் மேல் இருந்த முத்திரைக்கும் அது அவள் கையில் சேர்ந்த நாளுக்கும் இடையே 11 நாட்கள். நேர்முகப் பரீட்சை முடிந்து இரண்டு நாட்கள் ஆகியிருந்தன. அவள் அழவில்லை. கடிதத்தை மடித்து மீண்டும் அதே உறையில் வைத்துக்கொண்டாள். எமக்குத்தான் தேநீர் இறங்கவில்லை.

கூரையும் கடிதமும் சிறு காரியங்கள் என்று சிலர் கருதலாம். பதுளை மாவட்டத்திலே கொஸ்லந்தை மீரியபெத்தையை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மழையில் ஊறிய மலைச்சரிவு அங்கே லயங்களின் மேல் இறங்கியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடிருந்த இடம் சேறாகக் கிடந்தது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் மீண்டும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஒன்பது ஆண்டுகள்! எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே இருந்தனர். ‘சொன்னோம், கேட்கவில்லை’ என்று கூறுவது எளிது. “இங்கிருந்து போங்கள்” என்பது பாதிச் செய்திதான். எங்கே போவது, எப்போது போவது, கொழுந்து மலைக்கு எப்படி வருவது, பிள்ளைக்குப் பாடசாலை எது என்பவையே மற்றப் பாதி. அந்தப் பாதி இல்லாமல் ஒரு குடும்பம் அடுப்பைப் பெயர்த்துக்கொண்டு எங்கே செல்லும்?

துரைமாரில் நல்லவர்களும் உளர் என்பதை மறைக்க மாட்டோம். எமக்குத் தெரிந்த ஒருவர் மாதத்தில் ஒரு நாள் மாலையில், கணக்கப்பிள்ளையை அழைத்துக்கொள்ளாமல், லயம் லயமாகத் தாமே நடந்து வருவார். கையில் ஒரு கொப்பி இருக்கும். ஒவ்வொரு குறையையும் வீட்டுக்காரர் எதிரிலேயே எழுதி, அதன் கீழே திகதியும் போடுவார். முடியாததை “இந்த வருடம் முடியாது, பணம் இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அதனால் அவர்மேல் எவரும் கோபங் கொண்டதை நாம் கேள்விப்படவில்லை. முடியாது என்ற பதிலோடு மனிதர் வாழ்ந்துவிடுகின்றனர். பதிலே வராத மௌனத்தோடுதான் வாழ இயலுவதில்லை.

குடியிருப்போர்க்கும் ஒன்று கூறுவோம். வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். எழுதுங்கள். எழுதத் தெரியாவிடின், வீட்டில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருக்கிறது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டவரின் கையொப்பமும் திகதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தலைவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். புதிய தனி வீடுகளுக்குப் போகிறவர்களும் இப்பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். அங்கும் தண்ணீர்க் குழாய் பழுதடையும். காணி உறுதி கைக்கு வராத வீடுகளில் கேள்விகளும் மிகுதி.

நாம் புறப்படுமுன் மூதாட்டியின் பேத்தி கணக்குக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நாம் சொல்லச் சொல்ல இரண்டு பிரதி எழுதினாள். ‘தகரம்’ என்பதில் ‘ற’கரம் போட்டுவிட்டு, அழித்துத் திருத்தினாள். மறுநாள் கந்தோரில் ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கையொப்பமும் வாங்கிவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் அவளிடமிருந்து எமக்குத் தொலைபேசி வந்தது. கந்தோரிலிருந்து தமிழில் எழுதிய ஒரு துண்டு வந்திருக்கிறதாம். ஆவணி மாத முடிவில் இரண்டு தகரம் தருவதாக அதில் இருக்கிறதாம். பாட்டி அதனைச் சாமிப் படத்தின் பின்னே செருகி வைத்திருக்கிறார். சட்டியும் வாளியும் இன்னும் இஸ்தோப்பிலேயே இருக்கின்றன.