அணைக்கப்படும் சிக்கனம்

களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஓடுவதைவிட ஊர்வதே அதிகம். 1956-ல் எல்லை வகுக்கப்பட்டபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. ஆயினும் வேலைக்கும் மருத்துவத்துக்கும் திருவனந்தபுரத்தை நாடும் குமரி மக்களுக்கு இதுவே பிரதான சாலை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன, நெரிசல் தீர்ந்தபாடில்லை.

இத்தகைய சாலைகளுக்கென்றே அமைந்ததுபோல் ஒரு வசதி புதிய கார்கள் பலவற்றில் இருக்கிறது. கார் நின்றால் என்ஜின் தானே அணையும். கிளட்சை மிதித்தாலோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலோ தானே இயங்கும். ஆனால், வண்டியைக் கிளப்பியதும் இந்த 'ஸ்டார்ட் - ஸ்டாப்' வசதியை முடக்கும் பொத்தானை அழுத்துவதே பல ஓட்டுநர்களின் முதல் வேலையாக இருக்கிறது.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து வினாடிக்கு மேல் நிற்பதானால்தான் என்ஜினை அணைப்பது லாபம் என்பது அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தின் கணிப்பு. ஐந்தடி நகர்ந்து ஐந்து வினாடி நிற்கும் நெரிசலில் மிச்சம் ஏது? சித்திரை வெயிலில் என்ஜின் அணைந்தால் ஏ.சி.யின் குளிர்ச்சியும் குறைகிறது. இதற்கென உள்ள தனிவகை பேட்டரியின் விலையும் கூடுதல்.

கோளாறு தில்லியின் கணக்கில் இருக்கிறது. கார் நிறுவனங்களுக்கான சராசரி எரிபொருள் சிக்கன வரம்பு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, 2022-ல் இறுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இந்த வசதிக்குச் சலுகை உண்டு. சோதனைக்கூடத்தில் 1,180 வினாடி ஓட்டத்தில் கார் பலமுறை நிற்கும். நிற்கும்போதெல்லாம் என்ஜின் அணைந்து, மதிப்பெண் கூடும். அமரவிளையில் ஓட்டுநர் பொத்தானை அழுத்திய பிறகும் அந்த மதிப்பெண் குறைவதில்லை. நிறுவனத்துக்குச் சலுகை, அரசுக்குப் புள்ளிவிவரம், பாறசாலைக்காரர்களுக்குப் புகை!

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், எல்லோரும் இந்த வசதியை வெறுக்கிறார்கள் என்று கூறி, இதற்கான ஊக்கச் சலுகையை மாற்றப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தார். வெறுப்பு ஒரு காரணமாக முடியாது. சிவப்பு விளக்கில் நிமிடக்கணக்கில் காத்திருக்கும் தில்லியில் என்ஜினை அணைப்பது அவசியமே. 2020 அக்டோபரில் தில்லி அரசு அதற்கெனப் பிரசார இயக்கமே நடத்தியது.

எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை 2022-ல் திருத்தி, வரம்பை மீறும் வாகன நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்க நாடாளுமன்றம் வழி செய்தது. அபராதத்துக்கு அடிப்படை சோதனைக்கூட ஓட்டம் மட்டுமே என்றால் அந்தத் திருத்தத்தால் என்ன பயன்? உண்மையான எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை 2021 முதல் புதிய கார்களில் ஐரோப்பிய ஒன்றியம் கட்டாயமாக்கியிருக்கிறது. 2027 ஏப்ரலில் தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ள மூன்றாம் கட்ட விதிகளில் இங்கும் அதைச் சேர்க்கலாம். சாலையில் இயங்கிய அளவுக்கே சலுகை தரலாம். மக்களவைக் கேள்வி நேரத்தில் இதை எழுப்பக் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் உறுப்பினர்களுக்கு மற்றவர்களைவிடக் காரணம் அதிகம்.