சரக்கேற்றுவோன் பொறுப்பு

யாழ்ப்பாணத்தில் நல்ல நிலையில் லொறியேறிய வெங்காய மூடை மருதானையில் நனைந்து அழுகிய சரக்காக இறங்குமாயின், அந்த நட்டம் யாரைச் சாரும்? கமக்காரனையே சாரும் என்பர் லொறிக்காரர். கமக்காரனும் தன் விதியை நொந்துகொண்டு வாளாவிருந்துவிடுகின்றான். சட்டம் அவ்வாறு கூறவில்லை என்பதை நம்மவர் அறிதல் வேண்டும்.

இந்நாட்டின் பொதுச் சட்டம் உரோம-டச்சுச் சட்டமே. ஆயினும், தரைவழியே சரக்கேற்றுவோர் சம்பந்தப்பட்ட விடயங்களில் இங்கிலாந்தின் சட்டமே செல்லும் என 1866ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. அச்சட்டமோ மிகக் கடுமையானது. கூலி கொடுக்கும் எவருடைய பொருளையும் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்டவன், தன்மீது தவறில்லை என நிறுவினாலும் தப்ப முடியாது. இயற்கையின் பேரிடர், பகையரசின் செயல், பொருளின் இயல்பான குறை, அனுப்பியவரின் தவறு போன்ற சிலவே அவனை விடுவிக்கும்.

1785இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கிலே, அயலில் மூண்ட தீ பரவி வண்டிக்காரனிடமிருந்த சரக்கை எரித்துவிட்டது. அவனிடத்தில் கவலையீனம் சிறிதுமில்லை. இருந்தும் அவனே பொறுப்பாளி என்றார் மான்ஸ்பீல்ட் பிரபு. வழியில் நடந்தது இன்னதென்று பொருளுக்குரியவன் அறியான். ஏற்றிச் சென்றவனே அறிவான். கள்வரோடு கூடிக்கொண்டு "களவு போயிற்று" என்று சொல்ல அவனுக்கு இடமளித்தல் ஆகாது.

ஆகவே, வெங்காயம் தன் இயல்பினால் அழுகியிருந்தால் லொறிக்காரன் பொறுப்பல்லன். படங்கு மூடாது மழையில் விட்டதனால் அழுகியிருந்தால் நட்டம் அவனுடையதே.

எனினும் தப்பும் வழிகள் உண்டு. தான் விரும்பியவருக்கு மட்டுமே ஓடுவதாகக் கூறுபவன் தன் கவனக்குறைவுக்கு மாத்திரமே பொறுப்பாவான். மற்றவழி, பற்றுச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடப்படும் "உரியவரின் பொறுப்பில்" என்னும் வாசகம். எழுத்தறியாத பிரயாணியையும் சீட்டின் நிபந்தனை கட்டுப்படுத்தும் என 1930இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்த்ததை எண்ணும்போது, தமிழறிந்த கமக்காரனுக்கு ஆங்கிலச் சீட்டு நீட்டப்படுவதன் கொடுமை புலப்படும். இத்தகைய வாசகங்களுக்கு நமது 1997ஆம் ஆண்டின் நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் ஓரளவு கடிவாளமிட்டது. ஆனால் வழக்குச் செலவோ ஒரு லொறி வெங்காயத்தின் விலையையே விழுங்கிவிடும்!

இந்தியா 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி, 2007இல் புதியதொரு சட்டம் இயற்றிற்று. சரக்கேற்றுவோர் பதிவு பெறல் வேண்டும். பொருளைப் பெற்றதும் சீட்டு வழங்கல் வேண்டும். நட்டஈட்டுக்கு அது எல்லை வகுத்தது உண்மையே; கூடுதற் கட்டணம் செலுத்துவோர் கூடுதலாகப் பெற வழியும் வைத்தது. நமது பாராளுமன்றமும் இத்தகைய சட்டத்தை இயற்றி, சீட்டு தமிழிலும் இருத்தல் வேண்டுமெனக் கட்டாயமாக்கல் வேண்டும்.

அதுவரை, மூடைகளின் தொகை, நிறை, ஏற்றும்போதிருந்த நிலை ஆகியவற்றை எழுதி லொறிக்காரனின் கையொப்பம் பெறாமல் எவரும் சரக்கை ஒப்படைத்தலாகாது. மருதானையில் இறக்குபவரும் குறையைக் குறித்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். இவற்றைக் கிராமந்தோறும் எடுத்துரைக்க நமது சட்டத்தரணிகள் முன்வருவார்களாக.