தெருநாடகத்துக்கு அட்டெயின்மென்ட் எவ்வளவு?

செமஸ்டர் முடிஞ்சதும் நமக்கு சிஓ-பிஓ அட்டெயின்மென்ட் போடுறாங்கல்ல, அதே மாதிரி மானியம் வாங்கி நடத்துற கலை நிகழ்ச்சிக்கும் கணக்கு கேட்பாங்க. எத்தனை ஊர், எத்தனை காட்சி, எத்தனை பேர் பார்த்தாங்க, போட்டோ எங்கே? பணம் கொடுத்தவங்க கேட்கிறது நியாயம்தான். ஆனால் இந்த எண்கள் நாடகம் நடந்ததுக்குத்தான் சாட்சி. அதனால் ஊரில் என்ன மாறியது என்பது இதில் தெரியாது.

புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தைப் பாருங்க. 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பாட்டும் நாடகமுமாக கிராமம் கிராமமாகப் போனார்கள். முதல் நோக்கம் எழுத்தறிவு. ஆனால் அதோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எத்தனை பேர் கையெழுத்துப் போடுறாங்கன்னு மட்டும் எண்ணியிருந்தால் இது கணக்கிலேயே வந்திருக்காது.

இப்போ நம்ம தாயில்பட்டி பக்கம் வருவோம். பட்டாசு விபத்துத் தடுப்பு பற்றி மானியத்தில் ஒரு நாடகம் போடுறதா வச்சுக்குவோம். விபத்து குறைஞ்சதான்னு பார்த்தால் போதும்னு தோணும். ஆனால் ஒரு ஊரில் ஒரு வருஷத்து விபத்து எண்ணிக்கை ரொம்பச் சின்ன சாம்பிள். ஒரு வருஷம் விபத்தே இல்லைன்னா நாடகம் ஜெயிச்சதுன்னும் அர்த்தமில்லை, ஒன்று நடந்துட்டா தோற்றதுன்னும் அர்த்தமில்லை. 2012 முதலிப்பட்டி விபத்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் பேசப்படுகிற காரணங்கள் என்ன? அனுமதித்ததைவிட அதிக ஆள், உள்குத்தகை, மருந்து உராய்வு. இதில் நாடகம் பார்க்கிற தொழிலாளியின் கையில் இருப்பது எவ்வளவு?

அதனால் மூணு மாசம் கழிச்சுப் போய் மூணு கேள்வி கேட்கலாம். உங்க ரூமில் எத்தனை பேர் வேலை பார்க்க அனுமதின்னு தெரியுமா? கூடுதல் ஆளை உட்கார வச்சப்போ யாராவது போர்மேனிடம் சொன்னீங்களா? சொன்னவருக்கு மறுநாள் வேலை இருந்ததா?

முதல் கேள்விக்கு ஆமாம்னு வந்தால் நாடகம் வேலை செஞ்சிருக்கு. இரண்டாவதுக்கும் ஆமாம்னா நல்லாவே செஞ்சிருக்கு. மூணாவதுக்கு இல்லைன்னு வந்தால், அது கலைக்குழுவுக்குப் போட வேண்டிய மார்க் இல்லை. முதலாளியும் ஆய்வுக்கு வர்ற அதிகாரியும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். அறிக்கையில் அந்தப் பதிலையும் எழுதி அவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பணும். இல்லைன்னா, எண்ணிக்கைக்குக் கூலி வாங்குற அக்காக்களுக்கு வருஷா வருஷம் விழிப்புணர்வு மட்டும் ஊட்டிக்கிட்டே இருப்போம்.