சலுகையின் விலை

பொருளை வாங்குவோர் அதன் விலையைக் கேட்பது உலக வழக்கம். ஆனால், "விலையைக் குறைத்துத் தருகிறோம்" என்று விற்பவரே முன்வரும்போது, அந்தக் குறைவிற்கு ஈடாக நம்மிடமிருந்து பெறப்படுவது யாது எனக் கேட்போர் மிகச் சிலரே. காரணமின்றி விலை இறங்காது என்பதை நம் முன்னோர் கடைத்தெருவிலேயே கற்றனர். அந்தப் பாடத்தை, மகிழுந்துக் காப்பீட்டின் பொருட்டு நாம் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டிய காலம் வந்துள்ளது.

நமக்கு மிக வேண்டிய நண்பர் ஒருவர், ஆசிரியர், காரை மிக நிதானமாக ஓட்டுபவர். காப்பீட்டைப் புதுப்பிக்கும் வேளையில் முகவர் அவரிடம், "வண்டியில் ஒரு சின்னக் கருவி பொருத்திக்கொள்ளுங்கள், சார். ஒழுங்காக ஓட்டினால் அடுத்த வருடம் பிரீமியம் குறையும்" என்றார். நண்பரும் மகிழ்ந்து கையொப்பமிட்டார். சில திங்கள் கழிந்தபின் ஒரு நள்ளிரவில் அவருடைய தாயாருக்கு நெஞ்சுவலி கண்டது. மகன் காரை எடுத்தான். பாட்டியை உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தான். தாயார் பிழைத்துக்கொண்டார். மறுநாள் கைப்பேசியில் தம் ஓட்டுநர் மதிப்பெண்ணைப் பார்த்த நண்பர் திகைத்தார். நள்ளிரவுப் பயணம், மிகை வேகம், இருமுறை திடீர் பிரேக் எனக் குற்றங்கள் வரிசையாகப் பதிவாகி, மதிப்பெண் சரிந்திருந்தது. கருவி வேகத்தை அறிந்தது; வேகத்தின் காரணத்தை அறியவில்லை. அதனிடம் விளக்கம் சொல்ல வழியும் இல்லை.

இந்நிகழ்ச்சியே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

கருவி செய்வது யாது?

இன்றைய கார்களில் ஓட்டுநரின் காலருகே, பழுது பார்ப்போர் தம் சோதனைக் கருவியை இணைப்பதற்கென ஓர் இணைப்பு முனை உள்ளது. கண்காணிப்புக் கருவியை அதில் செருகிவிட்டால், வண்டி எப்போது புறப்பட்டது, எவ்வளவு தூரம் சென்றது, எந்த வேகத்தில் சென்றது, எத்தனை முறை பிரேக் சட்டென மிதிக்கப்பட்டது என்பனவற்றையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். செயற்கைக்கோளின் துணையால் இடத்தையும் அறியும். திரட்டியவற்றைக் கைப்பேசி அலைவரிசை வழியே நிறுவனத்திற்கு அனுப்பும். தனிக்கருவி இன்றியே, நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியைக் கொண்டு இவ்வேலையைச் செய்விக்கும் முறையும் உண்டு. இப்போது வரும் கார்கள் பலவற்றில் இத்தகைய ஏற்பாடு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டுவிடுகிறது.

இம்முறை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் புரோகிரசிவ் காப்பீட்டு நிறுவனம் 1998இல் டெக்சாஸ் மாநிலத்தில் இதனைச் சோதித்துப் பார்த்தது. இந்தியாவில், காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2022 ஜூலையில் இதற்கு வழி திறந்தது. ஓட்டும் தூரத்திற்கேற்பக் கட்டணம், ஓட்டும் முறைக்கேற்பக் கட்டணம் என இரு வகைகளும் அன்று அனுமதிக்கப்பெற்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுதல் தவறு. முன்னது நாம் எவ்வளவு ஓட்டினோம் என்று கேட்கிறது. பின்னதோ நாம் எப்படி வாழ்கிறோம் என்றே கேட்டுவிடுகிறது.

நன்மையை மறுப்பதற்கில்லை

நாம் கருவியின் பகைவர் அல்லோம். ஆண்டிற்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவரும் முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவரும் ஒரே கட்டணம் செலுத்துவது நீதியாகாது. வெள்ளிக்கிழமையும் விழா நாளும் மட்டுமே காரை வெளியில் எடுக்கும் ஓய்வுபெற்ற பெரியவர், நாள்தோறும் நெடுஞ்சாலையில் பறப்பவரின் இடர்ப்பாட்டிற்கும் சேர்த்து ஏன் பணம் கட்டவேண்டும்?

சாலை விபத்துகளின் கொடுமையும் நாம் அறியாததன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவ்வாண்டில் 64,105 விபத்துகளுடன் எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடு. ஓர் இளைஞனின் கால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, 'நம்மை ஒருவர் கவனிக்கிறார்' என்ற எண்ணம் அவனை நிதானப்படுத்துமாயின், அதனை வரவேற்காதார் யார்?

எனினும், நன்மை ஒன்று உண்டு என்பதனாலேயே அதற்குக் கேட்கப்படும் விலை எதுவாயினும் கொடுத்துவிடலாம் என்பது பொருந்தாது. விலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 146ஆம் பிரிவின் வழியே, மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அதன் கட்டணத்தை நிறுவனங்கள் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ள இயலாது. நடுவண் அரசே அறிவிக்கிறது. ஆகவே, கருவியின் பெயரால் தரப்படும் சலுகை, நம் வண்டிக்கு நேரும் சேதத்திற்கான பகுதியில் மட்டுமே கிடைப்பதாகும். அப்பகுதி எட்டாயிரம் ரூபாய் எனவும், சலுகை பத்து விழுக்காடு எனவும் கொள்வோம். ஆண்டிற்கு 800 ரூபாய். நாளொன்றிற்கு இரண்டு ரூபாய்க்குச் சற்றே மிகுதி. தெருமுனைக் கடையில் ஒரு தேநீருக்கும் அது போதாது. அத்தொகைக்கு ஓராண்டுக் காலத்தின் ஒவ்வொரு போக்குவரவையும் நாம் எழுதிக் கொடுக்கிறோம்.

நன்றாக ஓட்டுபவருக்குப் பரிசளிக்க வேறு வழியே இல்லையா எனில், நெடுங்காலமாகவே உண்டு. ஓராண்டில் இழப்பீடு கோராதவருக்கு அடுத்த ஆண்டு, சேதக் காப்பீட்டுக் கட்டணத்தில் 20 விழுக்காடு கழிவு. தொடர்ந்து ஐந்தாண்டுகள் கோராதவருக்கு 50 விழுக்காடு வரை கழிவு. இம்முறை நாம் எங்குச் சென்றோம் எனக் கேட்பதில்லை. எத்தனை மணிக்குத் திரும்பினோம் எனவும் கேட்பதில்லை. நேர்ந்த விளைவை மட்டும் பார்க்கிறது. அவ்விளைவு இரு தரப்பாருக்கும் தெரிந்தது, மறுக்கவியலாதது. கருவியின் மதிப்பெண்ணோ ஒரு தரப்பார் மட்டுமே அறிந்த கணக்கில் பிறப்பது. தேர்வுத்தாளைத் திருத்தும் முறையை மாணவனுக்குச் சொல்லாமல் மதிப்பெண் இடும் ஆசிரியரை நாம் ஏற்பதில்லை. இதனை மட்டும் எவ்வாறு ஏற்பது?

அமெரிக்கா கற்ற பாடம்

கொடுத்த தகவல் கொடுத்த இடத்திலேயே நிற்குமா என்பது அடுத்த வினா. இம்முறை நீண்டநாள் வழங்கிவரும் அமெரிக்காவின் பட்டறிவு இதற்கு விடை தருகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார்களை ஓட்டியோரின் பயண விவரங்கள், லெக்ஸிஸ்நெக்ஸிஸ், வெரிஸ்க் என்னும் இரு தகவல் வணிக நிறுவனங்களுக்குச் சென்று, அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களை அடைந்தமையை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு வெளிக்கொணர்ந்தது. கட்டணம் ஏன் உயர்ந்தது எனத் தேடிப்போன ஒருவரிடம், அவருடைய குடும்பத்தார் மேற்கொண்ட நூற்றுக்கணக்கான பயணங்களின் பட்டியல் கட்டாக வந்து சேர்ந்தது. தாம் இதற்கு இசைந்ததாகவே அறியோம் என்றனர் ஓட்டுநர் பலர். செய்தி வெளியான அத்திங்களிலேயே அந்நிறுவனம் இப்பகிர்வை நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை அறிவித்தது. இருப்பிட விவரம் சில வேளைகளில் மூன்று நொடிகளுக்கு ஒருமுறை திரட்டப்பட்டது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. நுகர்வோர் பற்றிய அறிக்கைகளை விற்கும் நிறுவனங்களுக்கு ஐந்தாண்டுகள் இத்தகவல்களைத் தரலாகாது என்பது ஆணையம் முன்வைத்த தடை.

இங்கு நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அவ்வோட்டுநர்கள் அனைவரும் முட்டாள்களல்லர். நீண்ட ஒப்பந்தத்தின் அடியில் 'இசைகிறேன்' என்று அழுத்தியவர்கள், அவ்வளவே. நாளும் நாமும் அதனையே செய்கிறோம்.

சுமை யார் மீது?

இரவுப் பயணத்தை இடர்மிக்கதாகக் கணக்கிடுவது இக்கருவிகளின் இயல்பு. இரவில் விபத்தின் கொடுமை மிகுதி என்பது உண்மையே. ஆயின், இரவில் சாலையில் இருப்போர் யார்? பணிமுறை முடிந்து திரும்பும் செவிலியர், வைகறைச் சந்தைக்குச் சரக்கெடுக்கச் செல்லும் வணிகர், உணவகம் மூடியபின் வீடு சேரும் ஊழியர், விமான நிலையத்திலிருந்து உறவினரை அழைத்துவரும் குடும்பத்தார். இவர்கள் பொழுதுபோக்கிற்காக இரவைத் தேர்ந்தவரல்லர். பிழைப்பு இவர்களை இரவிற்கு அனுப்பியது. பகலில் பணிபுரியும் வசதி பெற்றோருக்குச் சலுகையும், இரவில் உழைப்போருக்குச் சுமையும் என்றாகுமாயின் அதனை ஒழுக்கத்திற்கான பரிசு எனக் கூறல் எங்ஙனம்?

மேலும், குறுக்கே ஓடிவந்த குழந்தையைக் காக்க பிரேக்கை அழுந்த மிதித்தவரும், கவனமின்றி முன்வண்டியை நெருங்கிப் பின் மிதித்தவரும் கருவியின் கண்ணில் ஒருவரே. நம் நகரத் தெருக்களில் ஆட்டோவும், மாடும், பாதசாரியும் ஒருங்கே செல்லும் நிலையில், திடீர் பிரேக் பல வேளைகளில் குற்றமன்று, கடமை.

இன்னொன்றும் நேரக்கூடும். இன்று விருப்பமுள்ளோர்க்குச் சலுகை என்பது, பெரும்பாலோர் இசைந்தபின், 'இசையாதவர் எதையோ மறைக்கிறார்' என்ற ஐயமாக மாறும். அன்று கருவியை ஏற்போருக்குச் சலுகை இராது. ஏற்காதோருக்குத் தண்டம் இருக்கும்.

"தவறு செய்யாதவனுக்கு அச்சம் ஏன்?"

இவ்வினாவை எழுப்புவோர் உளர். பிறர் இல்லத்தில் அனுமதி பெற்றே நுழைதல் வேண்டும் என்ற ஒழுக்கத்தில் வளர்ந்தவர் நாம். நம் வீட்டு வாசலில் திரை தொங்குவது உள்ளே குற்றம் நடப்பதனால் அன்று. உள்ளே வாழ்க்கை நடப்பதனால். ஒரு காரின் வழித்தடம், அவ்வீட்டார் செல்லும் மருத்துவரை, வழக்குரைஞரை, வழிபாட்டிடத்தை, சங்கக் கூட்டத்தை, நோயுற்ற உறவினரை எல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கையொப்பமிட்டவர் குடும்பத் தலைவர் ஒருவரே. ஆனால், மனைவியும் மகனும் மகளும் அக்காரில்தான் செல்கின்றனர். அவர்களை யார் கேட்டார்?

2017 ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், இசைவு என்பது தடையற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கத்திற்கானதாகவும், விவரம் அறிந்து தரப்படுவதாகவும் இருத்தல் வேண்டும் என்கிறது. கொடுத்த எளிமையுடனேயே அதனைத் திரும்பப் பெறவும் வகை செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் கடமைகளிற் பெரும்பாலானவை முழுமையாக நடைமுறைக்கு வரப் பதினெட்டுத் திங்கள் அவகாசம் தரப்பட்டது. சட்டம் உண்டு, அதனைக் கேட்டுப் பெறும் குடிமகன் வேண்டும்.

நடுவழி உண்டு

அப்படியாயின் கருவியைத் தூக்கியெறிய வேண்டுமா? வேண்டுவதில்லை. கலிபோர்னியா மாநிலத்தின் காப்பீட்டு விதிகள், ஓட்டிய தூரத்தை அளப்பதற்கு மட்டுமே கருவிக்கு இடமளிக்கின்றன. தூரத்திற்கு ஏற்ற கட்டணம் நியாயமானது. வண்டியின் தூரமானியே அதற்குப் போதிய சான்று. ஓய்வுபெற்ற பெரியவருக்குச் சலுகையும் கிடைக்கும். அவர் சென்ற இடம் அவருடையதாகவும் இருக்கும்.

அதற்கு மேலும் கேட்கும் நிறுவனத்திடம், கையொப்பத்திற்கு முன் நான்கு வினாக்களை எழுத்தில் கேட்போமாக. எத்தகவல்களைத் திரட்டுகிறீர்கள்? யாரிடம் பகிர்கிறீர்கள்? எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? மதிப்பெண் தவறெனில் யாரிடம் முறையிடுவது? இந்நான்கிற்கும் தெளிவான விடை தருபவரிடம் இசைவது குற்றமன்று. விடை தராதவரின் சலுகை, எத்துணைப் பெரிதாயினும், நமக்கு வேண்டா. ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று காப்பது நம் மரபு. நம்மைப் பற்றிய விவரங்களைப் பெறுவோரிடமும் அந்நாணயத்தை எதிர்பார்ப்பது நம் உரிமை.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நாளை இக்கருவிகளை வடிவமைப்போர் உங்களுள் சிலர். அவற்றை விற்போர் சிலர். அவற்றிற்குச் சட்டம் வகுப்போரும் சிலர். நள்ளிரவில் பாட்டியின் உயிரைக் காக்க ஓடிய அந்த இளைஞனை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அவனிடம் காரணம் கேட்கும் ஒரு வரியேனும் உங்கள் கருவியில் இடம்பெறட்டும்.