தரங்கம்பாடிக்கு முன்னால் நடந்தது

தென்னிந்தியத் திருச்சபையின் கதையை 1919 மே மாதத்தில் தொடங்குவது நம் வழக்கம். தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், பிரிவினை நாம் உண்டாக்கியதல்ல, வெளியிலிருந்து வந்தது என்று அறிக்கை விட்டார்கள், 28 ஆண்டுகள் பேசினார்கள், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைகள் ஒன்றாயின. இறையியல் கல்லூரிகளில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தவறில்லை. ஆனால் பாதிக் கதை.

அந்தக் கூட்டத்தின் உயிர்நாடியான ஆங்கிலிக்கப் பேராயர் வே. ச. அசரியா, குருப்பட்டம் பெறுவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஒய்.எம்.சி.ஏ. செயலராக ஊர் ஊராக அலைந்தவர். எந்தச் சபை என்று கேட்காமல் இளைஞர்களோடு வேலை செய்து பழகியவர். 1905 கிறிஸ்துமஸ் நாளில் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் பிறந்தபோது அவரோடு நின்ற கே. டி. பால் ஆங்கிலிக்கர் அல்லர். 1910இல் பெங்களூரில் ஐக்கிய இறையியல் கல்லூரி, 1915இல் சென்னையில் பல மிஷன்கள் சேர்ந்து நடத்திய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி. தரங்கம்பாடிக்கு வந்தவர்கள் ஒன்றாக உழைத்துப் பழகிய ஒரு தலைமுறையின் பிள்ளைகள். ஒருவர் சம்பளத்தை இன்னொருவர் சபைக் காணிக்கை தாங்கிய அனுபவம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

பேராயர் பதவி பற்றியும் குருப்பட்டம் யார் கையால் என்பது பற்றியும் வாதம் நீண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய மருத்துவப் பள்ளி பல சபைகளின் கூட்டுப் பொறுப்பாக வளர்ந்தது. நோயாளி வாசலில் காத்திருக்கும்போது அந்த வாதம் முடியட்டும் என்று யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. லுத்தரன் சபைகள் 1947 இணைப்பில் சேரவில்லை. ஆனாலும் 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நம்மோடு சேர்ந்தே தொடங்கின. அமைப்பு இணையாத இடத்திலும் பணி இணைந்தது.

இன்று நம் சேகரங்களில் ஒற்றுமை என்பது பெரும்பாலும் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழாவும், ஜனவரி 18 முதல் 25 வரையிலான ஜெப வாரமும்தான். அவை வேண்டும். ஆனால் மேடையில் சால்வை போர்த்திக்கொண்ட நாம் மறுநாள் ஒருவர் ஊழியத்தை ஒருவர் அறியாமலேயே இருக்கிறோம். அரசு மருத்துவமனையின் ஒரே வார்டுக்கு ஞாயிறு மாலை மூன்று சபைகள் ஜெபிக்கப் போகின்றன. செவ்வாய்க்கிழமை, துணைக்கு ஆளில்லாத முதியவருக்குக் கஞ்சி வாங்கிக் கொடுக்க ஒருவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சபைப் பிரிவுகளைவிட ஆழமாக நம்மைக் கூறுபோடுவது சாதி. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை வைத்துக்கொண்டு நாம் செய்யும் கூட்டு ஊழியம் ஊழியமே அல்ல. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. அந்த நாளைக் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து கறுப்பு நாளாக அனுசரிக்கிறோம். அரசிடம் ஒரே குரலில் நீதி கேட்கும் நாம், அதே நீதியை நம் கமிட்டிக் கூட்டங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஒன்றாகவே கேட்க வேண்டும். இது யாருக்கும் எளிதல்ல. ஒரு சபை தனியாகச் செய்தால் ஆட்கள் அடுத்த சபைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் எல்லா ஆயர்களுக்கும் உண்டு. அதனாலேயே சேர்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

ஆழமான கொள்கை வேறுபாடு தடுக்கும் காரியங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சபைகள் சேர்ந்து செய்ய வேண்டாமா என்று 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் கூடிய உலகத் திருச்சபைகளின் மாநாடு கேட்டது. மருத்துவமனைச் சந்திப்புக்கும், குடிநோயாளிகளின் குடும்பங்களைத் தாங்குவதற்கும், ஏழைப் பிள்ளைகளின் மாலை வகுப்புக்கும் எந்தக் கொள்கை வேறுபாடு தடை?

அன்பான ஆயர்களே, உங்கள் சேகர எல்லைக்குள் இருக்கும் பங்குத்தந்தையையும் லுத்தரன் ஆயரையும் பெந்தெகொஸ்தே போதகரையும் இந்த மாதமே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வேலையை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொது உண்டியல் ஒன்று, பொதுக் கணக்கு ஒன்று வையுங்கள். அந்தக் கணக்கை எல்லாச் சபைகளிலும் வாசியுங்கள். பேனரில் எந்தச் சபையின் பெயரும் வேண்டாம்.